மகன் பேசியது யாருடைய பேச்சு?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. ஒரே மகன்; ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குப்பை எடுத்து, படிக்கட்டுகளைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சென்ற மாதம் அவர் லிஃப்ட் வாசலில் வாளியை வைத்திருந்ததற்காக என் மகன், “எத்தனை தடவை சொல்றது உனக்கு? எடு அதை” என்று அதட்டியிருக்கிறான். அவர் என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார். விஷயம் தெரிந்ததும் நான் அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் அழுதுகொண்டே, “நீங்களும் வாட்ச்மேன் தாத்தாகிட்ட அப்படித்தானே பேசுறீங்க” என்றான். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்கும்போது, நாலு தடவை ஹார்ன் அடித்தும் கேட் திறக்காவிட்டால் நான் சத்தம் போடுவது உண்டுதான், அது வேறு. எங்கள் வீடு முதல் மாடியில், கேட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. நான் வருவதை அவன் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பிள்ளையை ஒழுக்கமாகத்தான் வளர்க்கிறோம். குறள் ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்கியவன். ‘இனியவை கூறல்’ அதிகாரம் முழுவதும் மனப்பாடம். பிறகு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? யூடியூப்பா, பள்ளி நண்பர்களா? இப்போதே கண்டிக்காவிட்டால் பின்னால் கைமீறிப் போய்விடுமா? பள்ளியில் சொல்லி வைக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான பதிலை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். மகன் சொன்ன வாக்கியத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பால்கனி கேட்டுக்கு நேர் மேலே இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் இடையே “அது வேறு” என்று ஒன்றைச் செருகியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவ உளவியலாளராக உங்களுடன் நான் பேச விரும்புவது பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றித்தான்.

உங்கள் மகன் அதட்டிய சொற்களை மறுபடி படித்துப் பாருங்கள். “எத்தனை தடவை சொல்றது உனக்கு?” என்று கேட்பவர், அதற்கு முன் பல தடவை சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகன் அந்த அம்மாவிடம் வாளியைப் பற்றி அதற்கு முன் ஒரு தடவையாவது சொல்லியிருப்பானா என்பது எனக்குச் சந்தேகமே. அவனுக்கே கோபம் வந்து அவனே பேசியிருந்தால், “வாளி ஏன் இங்க இருக்கு?” என்றோ, “நான் எப்படிப் போறது?” என்றோ ஒன்பது வயதுக்கேற்ற ஒரு வாக்கியம் வந்திருக்கும். இது, பல நாள் சொல்லிச் சலித்துப்போன ஒரு பெரியவரின் வாக்கியம். சலிப்பும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போது பொருளை மட்டும் பிரித்து எடுப்பதில்லை. குரலின் உயரம், கையை ஆட்டும் விதம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் விதம் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

இது உளவியலில் நன்கு ஆராயப்பட்ட விஷயம். ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியைச் சேர்ந்த 72 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1961ஆம் ஆண்டு வெளியானது. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினர், காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்துத் திட்டுவதைப் பார்த்தார்கள். இன்னொரு பகுதியினர், அதே அறையில் பெரியவர் பொம்மையைச் சீண்டாமல் அமைதியாக விளையாடுவதைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் காட்டப்படவில்லை. பிறகு குழந்தைகளை வேறோர் அறைக்கு அழைத்துச் சென்று, அந்தப் பெரியவர் உடன் இல்லாத நிலையில் விளையாட விட்டபோது, முதல் பகுதியினரில் பலர் அதே பொம்மையை அதே விதமாக அடித்ததோடு, அவர் சொன்ன அதே சொற்களையும் சொன்னார்கள். அவர்களிடம் யாரும் “இதைக் கற்றுக்கொள்” என்று சொல்லவில்லை. செய்தால் பாராட்டு என்றும் சொல்லவில்லை. பார்த்தது மட்டுமே போதுமானதாக இருந்தது. பால்கனியில் நிற்கும் பிள்ளைக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை.

ஆனால் குழந்தைகள் பார்ப்பதையெல்லாம் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியிருந்தால் உங்கள் மகன் அம்மாவின் கனிவான பேச்சையும் அல்லவா அதே அளவில் எடுத்திருக்க வேண்டும்? பண்டூரா குழுவினரே 1963இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், விளையாட்டுப் பொருள்களைத் தன் கையில் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுக்கும் அதிகாரம் பெற்றிருந்த பெரியவரையே, அவற்றைப் பெற்றுக்கொண்டவரைவிடக் குழந்தைகள் அதிகம் பின்பற்றினார்கள். வீட்டில் யார் சொன்னால் காரியம் நடக்கிறது என்பதைக் குழந்தை மிக விரைவில் கண்டுபிடித்துவிடுகிறது. கேட்டில் நடப்பதை அவன் கண்ணால் பாருங்கள். நான்கு ஹார்ன், ஓர் அதட்டல். உடனே வயதில் மூத்த ஒருவர் ஓடி வந்து கேட்டைத் திறக்கிறார். அதட்டினால் வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் எந்தப் பள்ளியிலும் கிடையாது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, என் பார்வையில் இதுவே முக்கியமானது: உங்கள் மகன் வகுப்பு ஆசிரியரை இப்படி அதட்டவில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவரையும், குடியிருப்போர் சங்கச் செயலாளரையும் அதட்டவில்லை. லிஃப்ட் வாசலில் செயலாளருடைய சைக்கிள் நின்றிருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பான். ஆகவே அவனுக்கு மரியாதையாகப் பேசத் தெரியும். யாரிடம் அப்படிப் பேசத் தேவையில்லை என்பதைத்தான் அவன் கற்றிருக்கிறான். சின்னக் குழந்தையைக்கூட “வாங்க கண்ணு” என்று கூப்பிடும் ஊர் உங்களுடையது; அந்த ‘ங்க’ யார் யாருக்குக் கிடைக்கிறது, யாரிடம் வந்ததும் நின்றுபோகிறது என்ற கணக்கை நம் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு உங்கள் வீட்டில் தனி டம்ளர் இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை நீங்களே அடுக்களையில் பார்த்துக்கொள்ளுங்கள். தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு ஒழித்தது என்று உங்கள் மகன் இன்னும் சில ஆண்டுகளில் சமூக அறிவியல் பாடத்தில் படிப்பான். அந்தப் பக்கத்தை அவன் வீட்டு அலமாரியோடு ஒப்பிட்டுத்தான் படிப்பான்.

குறளைப் பற்றி வருத்தத்துடன் எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்வித்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் ஆகிய இருவரும் 1970இல் வெளியிட்ட அந்த ஆய்வில், விளையாட்டில் வென்ற பரிசைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் ஏழைக் குழந்தைகளுடன் பகிர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அதற்கு முன் அவர்கள் பார்த்த மாதிரி மனிதர்களில் சிலர் கொடுப்பதன் உயர்வைப் பேசிவிட்டுத் தாமும் கொடுத்தார்கள். சிலர் உயர்வாகப் பேசிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். சிலர் கொடுக்கத் தேவையில்லை என்று பேசிவிட்டுக் கொடுத்தார்கள். குழந்தைகள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தீர்மானித்தது தாங்கள் பார்த்த செயல். கொடுப்பதைப் பற்றி எப்படிப் பேசினார்கள் என்பதில்தான் கேட்ட உபதேசம் தெரிந்தது. அதாவது, உபதேசம் பேச்சுக்குள் போனது, செயல் செயலுக்குள் போனது; இரண்டும் தனித்தனிப் பாதையில் நடந்தன. மேடையில் பத்துக் குறளைப் பிசிறில்லாமல் சொல்லிவிட்டு, லிஃப்ட் வாசலில் அதட்டும் பிள்ளையிடம் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டிலும் அவன் நல்ல மாணவனாகவே இருந்திருக்கிறான்.

முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதை நான் கடக்க விரும்பவில்லை. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பேரம் பேசும் பயிற்சியில் ஈடுபட்ட மாணவர்களைக் கவனித்தார்கள். கடுமையாக நடந்துகொண்ட ஒருவருடன் பேசியவர்கள், அடுத்த பேச்சில் தாங்களே கடுமையாக நடந்துகொள்வதாக எதிராளிக்குத் தோன்றியது. இடையில் ஒரு வார இடைவெளி இருந்தபோதும் இது காணப்பட்டது. பிற்பகலில் தொழிற்கூடத்தில் கிடைத்த வசவு இரவு ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு வந்து, அங்கிருந்து முதல் மாடிக்கு ஏறி, ஒரு நாள் காலையில் லிஃப்ட் வாசலில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் மீது இறங்கியிருக்கிறது. சங்கிலியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனக்கு மேலே உள்ளவரைக் காட்டச் சுலபம். உங்கள் முதலாளி எப்படி நடந்துகொள்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த வசவு உங்களைத் தாண்டிப் போகிறதா என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் களைப்பு உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் வாட்ச்மேனின் களைப்பும் உண்மையானதுதான்.

இனி, கண்டிப்பதைப் பற்றி. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதையும், பாராட்டப்படுவதையும், இரண்டும் இல்லாமல் விடப்படுவதையும் படத்தில் காட்டிய பண்டூராவின் ஆய்வு 1965இல் வந்தது. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அதைச் செய்தார்கள். இதோடு நின்றால் தண்டனை வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால், பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்று சொன்னதும் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்து காட்டினார்கள். கற்றது உள்ளேயே இருந்தது. தண்டனை அதை மறைத்து மட்டும் வைத்திருந்தது. நீங்கள் அடித்திருந்தால் உங்கள் மகன் உங்கள் காதுக்கு எட்டும் தூரத்தில் அதட்டாமல் இருக்கப் பழகியிருப்பான். கூடவே, வலுத்தவர் இளைத்தவர் மீது கையை ஓங்கலாம் என்ற இன்னொரு பாடத்தையும் சேர்த்துக்கொண்டிருப்பான்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மகனிடம் பேசுவதல்ல, வாட்ச்மேனிடம் பேசுவது. விடுமுறை நாளாகப் பார்த்து, வண்டியில் இருந்தபடி அல்லாமல் இறங்கி நடந்து போய்ப் பேசுங்கள். “ராத்திரி நேரத்துல உங்ககிட்ட சத்தம் போட்டிருக்கேன், அது தப்புங்க, இனிமே அப்படிப் பேசமாட்டேன்” என்ற அளவில் போதும். வேலைப் பளு, முதலாளி என்று காரணங்களை அடுக்காதீர்கள், காரணம் சேரச் சேர மன்னிப்பு கரைந்துவிடும். கையில் நூறு ரூபாயைத் திணிக்காதீர்கள். மகனை அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டு இதை ஒரு காட்சியாக நடத்தவும் வேண்டாம். குழந்தைகள் நாடகத்தை எளிதில் கண்டுகொள்வார்கள். அவன் கண்ணில் தற்செயலாகப் பட்டால் படட்டும். அவன் உண்மையில் பார்க்க வேண்டியது அன்றைய மன்னிப்பைவிட, அதற்குப் பிறகு வரும் இரவுகளில் கேட் திறக்கத் தாமதமாகும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான். ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டுக் காத்திருங்கள். அவர் கழிப்பறைக்குப் போயிருக்கலாம், மோட்டார் போடப் போயிருக்கலாம். முடிந்தால் தெருமுனையிலேயே வண்டியை ஓரம்கட்டி, அலுவலகத் தொலைபேசி அழைப்புகளை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். கோபமான அழைப்பை முடித்த கையோடு கேட்டுக்கு வருவது பெரும்பாலும் நல்லதில் முடிவதில்லை.

அந்த அம்மாவிடம் நீங்களும் மகனும் சேர்ந்து போங்கள். அவர் வேலை முடித்துக் கை கழுவி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். குப்பைக் கூடையைச் சுமந்து படியிறங்கும்போது நிறுத்தி மன்னிப்புக் கேட்பது அவருக்கு இன்னொரு தொந்தரவு. முதலில் நீங்கள் பேசுங்கள்: வீட்டில் என்னிடமிருந்துதான் இப்படிப் பேசக் கற்றான் என்று சொல்லுங்கள். பிறகு அவன் பேசட்டும்; வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம், இரண்டு சொல் வந்தாலும் அவனுடையதாக இருக்கட்டும். அவர் “பரவால்லைங்க, சின்னப் புள்ள” என்று சொல்லக்கூடும். அதை வைத்து விஷயம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் வேலை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு வேறு எதையும் சொல்ல வழியில்லை. பழைய புடவையோ பலகாரமோ கொடுத்து இதைச் சமன் செய்யவும் வேண்டாம், அதைத் தீபாவளிக்குக் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் அவருடைய பெயர் இல்லை. அந்தரங்கம் கருதி விட்டிருந்தால் சரி. தெரியாது என்றால் அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாளியை ஏன் லிஃப்ட் வாசலில் வைக்கிறார் என்றும் கேளுங்கள். பல குடியிருப்புகளில் மாடிதோறும் தண்ணீர்க் குழாயோ வாளி வைக்க ஓரிடமோ கிடையாது. அப்படியென்றால் சங்கக் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய விஷயம் அது.

மகனிடம் பேசுவது இதற்கெல்லாம் பிறகுதான். அவன் அழுதுகொண்டே சொன்னதை எதிர்த்துப் பேசியதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அடிக்குப் பயந்த குழந்தை தன் தரப்பில் இருந்த ஒரே உண்மையைச் சொல்லியிருக்கிறான். “நீ சொன்னது சரிதான், நான் பேசினது தப்பு. அதுக்காக நீ பேசினது சரின்னு ஆயிடாது. ரெண்டு பேரும் மாத்திக்கலாம்” என்ற மூன்று வாக்கியங்களுக்கு மேல் தேவையில்லை. நான் குரலை உயர்த்தினால் எனக்கு நினைவுபடுத்து என்று அவனிடம் சொல்லலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். பிள்ளை அப்பாவைத் திருத்துவதாவது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நான் சொல்லலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் அடுத்தவர் முன்னிலையில் அல்லாமல் வீட்டுக்குள் வந்த பிறகு. நினைவுபடுத்தும்போது நீங்கள் எரிந்து விழுந்தால் அதோடு அந்த ஏற்பாடு முடிந்துவிடும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் குரல் மறுபடியும் ஒரு நாள் உயரத்தான் செய்யும். பல வருடப் பழக்கம் ஒரு தீர்மானத்தில் போகாது. தாய் தன் கைக்குழந்தை முன் சிறிது நேரம் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் குழந்தை எப்படித் தவித்துப்போகிறது என்று 1970களில் காட்டிய எட்வர்ட் டிரானிக், பிறகு வலியுறுத்தி வந்த செய்தி இன்னொன்று: இயல்பான தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் இசைவில்லாமலேதான் இருக்கிறார்கள், உறவை வளர்ப்பது, இசைவு பிசகிய பின் மறுபடி சேர்ந்துகொள்வது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றே என் தொழில் அனுபவத்தில் கருதுகிறேன். அப்பா ஒருபோதும் தவறாதவராக இருப்பதைவிட, தவறிய அன்றைக்கே கீழே இறங்கிப் போய் வாட்ச்மேனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு வருவது அவனுக்கு அதிகம் பயன்படும். ஏனென்றால் அவனும் தவறப்போகிறவன்தான். தவறினால் என்ன செய்வது என்பதை அவன் எங்காவது பார்த்திருக்க வேண்டும்.

யூடியூப், நண்பர்கள் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கும் பங்கு உண்டு, வேறு பல விஷயங்களில். இந்த வாக்கியம் அங்கிருந்து வரவில்லை. கைமீறிப் போய்விடுமா என்றால், ஒன்பது வயதில் ஒரு முறை நிகழ்ந்த இதை வைத்து அப்படி அஞ்ச வேண்டியதில்லை. மற்றக் குழந்தைகளைத் தொடர்ந்து அடிப்பது, நாய் பூனைகளை வேண்டுமென்றே துன்புறுத்துவது, வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் கட்டுக்கடங்காத கோபம் இவையெல்லாம் இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அவற்றின் அறிகுறி இல்லை. உதவி தேவைப்படுபவர் நீங்களாக இருக்கலாம். முயன்றும் கோபம் அடங்கவில்லை, தூக்கம் கெடுகிறது, வேலை முடிந்ததும் குடிக்கத் தோன்றுகிறது என்றால் 14416 என்ற டெலி-மனஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 முதல் நடத்தும் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பள்ளியில் சொல்லி வைக்க வேண்டாம். அங்கே அவன் மீது எந்தப் புகாரும் இல்லை. நீங்களாகப் போய்ச் சொன்னால், மற்றக் குழந்தை செய்தால் கண்டுகொள்ளாமல் விடும் சின்னக் குறும்புக்கும் ஆசிரியர்கள் அவனைத் தனியாகக் கவனிக்கத் தொடங்குவார்கள். இது வீட்டில் தொடங்கியது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்தும் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது மகனைப் பற்றி எழுதுவதற்கு முன், கேட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று உங்கள் மனைவியிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.